சைக்கிள் சந்தேகம்: முள் இன்னும் டயரில்தான் இருக்கிறது

புதுக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எழுத்தறிவு கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துப் பெண்களைச் சைக்கிளிலும் ஏற்றிவிட்ட காலத்தில், 1992ல், ஏறி விழுந்து எழுந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம் ஒரு சைக்கிள் கடைக்காரருக்கே வாழ்க்கைப்பட்டேன். அவருக்குப் பார்வை மங்கியதும் ஸ்பானர் என் கைக்கு வந்தது. இருபது வருடம் ஆகப்போகிறது. போன இதழில் வாசகர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மூன்று வாரத்தில் ஐந்து பஞ்சர். இரண்டு தடவை டியூபையே மாற்றிவிட்டேன். மூன்றாவது டியூபும் நேற்று இறங்கிவிட்டது. கடைக்காரர் மட்டமான டியூபைத் தலையில் கட்டுகிறாரா?
– கல்லூரி மாணவர், பரமக்குடி

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே பாதி விடை தெரிந்துவிட்டது தம்பி. சீமைக்கருவேல முள். டயருக்குள் ஏறியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ரோட்டில் தேய்ந்து ஒடிந்துபோகும். மிச்ச நுனி ரப்பருக்குள் புதைந்து கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆள் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போது மட்டும் அந்த நுனி உள்ளே எட்டிப் பார்த்து டியூபைக் குத்தும். புது டியூப் போட்டாலும் அதே முள்தான் அதையும் குத்தும்.

இனிமேல் பஞ்சர் ஆனால் இப்படிச் செய்யுங்கள். டியூபை உருவுவதற்கு முன், வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். பிறகு டியூபை முன்பு இருந்த மாதிரியே, வால்வு சாக்பீஸ் கோட்டுக்கு நேராக வரும்படி டயர்மேல் வைத்துப் பாருங்கள். ஓட்டைக்கு நேர் எதிரே டயரில் எந்த இடம் வருகிறதோ அங்கேதான் ஆசாமி ஒளிந்திருக்கிறார். உள்பக்கம் விரலை வைத்துத் தடவாதீர்கள், கிழித்துவிடும். பழைய பனியன் துணியைச் சுருட்டித் தடவுங்கள், நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். டயரை அந்த இடத்தில் வெளிப்பக்கமாக மடக்கினால் நுனி தலை காட்டும், குறடால் பிடுங்கிவிடலாம். ஒன்றைப் பிடுங்கியதோடு நிறுத்தாமல் டயரை முழுச் சுற்றும் தடவிவிடுங்கள். ஒருமுறை ஒரு வாத்தியாரின் டயரிலிருந்து ஏழு முள் எடுத்தேன். அவரும் உங்களைப் போலத்தான், டியூப் வாங்கி வாங்கிச் சலித்துப்போய் வந்திருந்தார்.

ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கமாக இருந்தால் முள்மேல் பழி போடாதீர்கள். ரிம் டேப் விலகி, போக்ஸ் கம்பியின் தலை குத்தியிருக்கும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால், காற்று குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். வால்வின் அடியில் கிழிந்திருந்தாலும் காற்றுக் குறைவுதான் காரணம். காற்றில்லாத டயர் ரிம்மில் நகரும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால் வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழ் வந்தால் வால்டியூப், அதாவது வால்வுக்குள் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய், இற்றுப்போயிருக்கிறது. சில்லறைக் காசோடு முடிந்துபோகும் வேலை.

ஒட்டும்போது எல்லோரும் செய்யும் தப்பு அவசரம். உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் ஒட்டுத்துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் மறுநாளே தூக்கிக்கொண்டுவிடும். உங்கள் கடைக்காரர் மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான்: இத்தனை தடவை டயரைக் கழற்றியவர் ஒரு தடவையாவது உள்ளே துணி விட்டுத் தடவியிருக்கலாம்.

இடது பக்கப் பெடலைக் கழற்ற முடியவில்லை. ஸ்பானரில் குழாய் மாட்டி, ஏறி நின்றே பார்த்துவிட்டேன். மண்ணெண்ணெய் விட்டும் பலனில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, நீங்கள் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஸ்பானரின் பிடி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். பிடியைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும். இடது, வலது இரண்டுக்கும் இதேதான்.

ஏன் அப்படி வைத்தார்கள் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், வாத்தியார் ஆயிற்றே. கையைத் தளர்வாக மடக்கி அதற்குள் ஒரு பென்சிலைச் செருகுங்கள். இன்னொரு கையால் பென்சிலின் நுனியைப் பிடித்து, வெளியே வட்டம் போடுவதுபோல் மெதுவாகச் சுற்றுங்கள். நுனி ஒரு திசையில் வட்டம் போடும். பென்சிலோ மடக்கிய கைக்குள் அதற்கு எதிர்த்திசையில் உருளும். மிதிக்கும்போது பெடல் அச்சுக்கும் இதுதான் நடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மரையாக இருந்தால் இடது பெடல் ஓட ஓடத் தளர்ந்து நடுரோட்டில் கழன்று விழும்.

இவ்வளவு இறுக்கிவிட்டீர்கள் என்பதால் இன்னொரு ராத்திரி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். மறுநாள் பிடியைப் பின்பக்கம் தள்ளுங்கள். ஸ்பானர் மேல் இனி ஏறி நிற்க வேண்டாம், வழுக்கினால் முழங்கால் போய்விடும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

தலைக்கு வையுங்கள். செயினுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், புழுதியைப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். எதை விட்டாலும் விட்ட பிறகு துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் இருக்க வேண்டியது கண்ணியின் உள்ளே, மேலே இல்லை.

மகன் பேட்டரி சைக்கிள் கேட்கிறான். லைசென்ஸ் வேண்டாம் என்கிறார் கடைக்காரர். போலீஸ் பிடிக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
– குடும்பத் தலைவி, திண்டுக்கல்

எந்த வண்டி என்பதைப் பொறுத்து இருவருமே சரி. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989ல் இதற்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒழுங்கான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிப்ளெக்டரும் வேண்டும். மிதிக்கும்போது மட்டும் உதவும் வகையானால், 25ஐத் தொடும்போது மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். இவையெல்லாம் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தில் சரிபார்க்கப்பட்டிருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். எல்லையைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம்தான். பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் வந்துவிடும்.

ஆகவே கடைக்காரர் வாய்ச்சொல்லோடு நிற்காமல் சோதனைச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால் வேறு கடை பாருங்கள். பழைய சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொஞ்சம் உஷார். கம்பி பிரேக் போட்ட சாதா சைக்கிள் ஆள் மிதிக்கும் வேகத்துக்காகச் செய்தது. 40ல் பறக்கவிட்டால் மழை நாளில் அந்த பிரேக் கட்டை ரிம்மைத் தடவிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது அப்பாவின் 22 இன்ச் சைக்கிள். கியர் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் தனுஷ்கோடி போகிறார்கள். நானும் இதிலேயே போக முடியுமா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?
– தனியார் நிறுவன ஊழியர், அறந்தாங்கி

தாராளமாகப் போகலாம். அறந்தாங்கியிலிருந்து மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், பாம்பன் என்று வழி முழுக்கச் சமதரை. மலையேற்றம் இல்லாத ரோட்டில் கியர் இல்லாதது பெரிய குறை இல்லை. அங்கே உங்களோடு மல்லுக்கு நிற்பது காற்றுதான். ஆனி ஆடியில் போனால் தென்மேற்குக் காற்று மார்பில் கை வைத்துத் தள்ளும், மிதித்தாலும் நின்ற இடத்திலேயே இருப்பதுபோலத் தோன்றும். தை மாதம் போங்கள். வாடைக்காற்று முதுகில் தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்குமே என்றால், ரயில் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் பார்சல் ஆபீசில் கேட்டு, சைக்கிளை லக்கேஜ் வேனில் போட்டுவிடலாம். வண்டி ஓரிரு நிமிடம் மட்டும் நிற்கும் ஸ்டேஷனுக்குப் பதியத் தயங்குவார்கள், திருச்சிக்குப் போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

உங்கள் வண்டிக்கு இன்னொரு பலம் உண்டு. பின்சக்கரத்தில் போக்ஸ் கம்பிகளை எண்ணிப் பாருங்கள், 40 இருக்கும். முன்னால் 32. ஆளும் சுமையும் பின்னால்தான் இறங்கும் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். 22 இன்ச் என்பது பிரேமின் அளவு, சக்கரம் 28 இன்ச். அந்த 28 இன்ச் டயரும் டியூபும் எந்தக் கிராமத்துக் கடையிலும் தொங்கும். உங்கள் நண்பர்களின் 700 சைஸ் டியூப் வழியிலுள்ள சின்னக் கடைகளில் கிடைக்காது, அவர்களை ஆளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின் கியர் மாட்டியிருக்கும் சின்ன அலுமினியக் கொக்கி ஒன்றையும் உபரியாக எடுத்துக்கொள்ளட்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான்.

மூட்டையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள், வண்டி தலையாட்டும். கேரியரின் இரண்டு பக்கமும் சம எடையாக, முடிந்தவரை தாழ்வாகத் தொங்க வேண்டும். டூரிங் பை வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லையா, இரண்டு ரெக்ஸின் பை போதும். பழைய டியூபை நீளவாக்கில் வாராக வெட்டிக் கட்டினால் எந்தக் கயிறும் கிட்டே வராது. பையின் அடி போக்ஸ் கம்பியில் மாட்டாமல் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: டியூப் ஒன்று, ஒட்டுச் சாமான், வால்டியூப், கைப்பம்பு, ஸ்பானர், குறடு, பின்சக்கர அளவில் மூன்று போக்ஸ் கம்பி, செயினின் இரு முனையையும் இணைக்கும் செயின் லாக் ஒன்று, பெடல் மாட்டியிருக்கும் கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின் ஒன்று. காட்டர் பின்னை எல்லோரும் மறப்பார்கள். கம்பிகளைப் பிரேமில் நீளவாக்கில் வைத்து டேப் சுற்றிவிட்டால் இடமே அடைக்காது. குடிதண்ணீர் மூன்று லிட்டருக்குக் குறையக்கூடாது. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் வண்டியை முழுசாகப் பிரித்துப் பூட்டி ஓவராயில் செய்துவிடுங்கள். முந்தின நாள் செய்தால் புதிதாக மாட்டியதில் எது தளர்கிறது என்று பார்க்க அவகாசம் இருக்காது.

பாம்பன் பாலத்தில் பக்கக் காற்று திடீரென்று அடிக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். போகிற வழி முழுக்கப் பரமக்குடித் தம்பியின் முள்தான். முதல் பதிலை இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.

கொஞ்ச தூரம் ஓட்டினாலே முழங்கால் வலிக்கிறது.
– வாசகர், ஈரோடு

சீட்டை உயர்த்துங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளினால் கால் நீட்டமாக நிற்க வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் அளவு. சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டுக்குமேல் மட்டும் தூக்காதீர்கள். ஒரு மாதம் கழித்தும் வலித்தால் டாக்டரைப் பாருங்கள், என்னை அல்ல.

ஏழாவது படிக்கும் பேத்தி சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்பதற்காக ரோட்டின் வலது ஓரமாகப் போகச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?
– வாசகர், கும்பகோணம்

சரியில்லை ஐயா, இன்றைக்கே மாற்றிச் சொல்லுங்கள். நடைபாதை இல்லாத ரோட்டில் நடப்பவர்தான் வலது ஓரம் போக வேண்டும். சைக்கிள் வாகனம், இடது ஓரம்தான். சட்டம் கிடக்கட்டும், கணக்கே அதைத்தான் சொல்கிறது. பேத்தி 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாள், கார் 40ல் வருகிறது என்று வையுங்கள். பின்னாலிருந்து வந்தால் இருவருக்கும் இடையே வேகம் 25. நேரெதிரே வந்தால் 55. சந்திலிருந்து ரோட்டில் ஏறுகிறவரும் எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரும் என்று எதிர்பார்ப்பாரோ அந்தப் பக்கம்தான் பார்ப்பார். தப்பான பக்கத்தில் வரும் சின்னப்பெண் அவர் கண்ணிலேயே படமாட்டாள்.

சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் இல்லை, ஆனாலும் போட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவருக்குத் தெரிய சிவப்பு ரிப்ளெக்டர் இருக்கட்டும். புதுச் சைக்கிள்களில் தரமுத்திரை பெற்ற ரிப்ளெக்டர்தான் இருக்க வேண்டும் என்று 2020ல் மத்திய அரசு ஆணை போட்டது. பழைய வண்டியானால் நீங்களே வாங்கி மாட்டுங்கள். என் அப்பா காலத்தில் ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டைனமோ வாங்கக் காசில்லாமல் சட்டைப்பையில் ஒரு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வைத்திருப்பார். போலீஸ் தலை தெரிந்ததும் ஏற்றிக் கையில் பிடித்துக்கொள்வாராம். ஓட்டுவது ஒற்றைக் கையில், காற்றில் அது எத்தனை நொடி எரிந்திருக்கும் என்று நான் கேட்டதில்லை.

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் இரண்டே மாதத்தில் சக்கரம் ஆடுகிறது, மிதித்தால் 'கடக் கடக்' என்கிறது. இலவசம் என்றால் இப்படித்தானா?
– பெற்றோர், பெரம்பலூர்

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காசு கொடுத்து வாங்கிய வண்டியும் இரண்டு மாதத்தில் ஆடும். புதுச் சக்கரத்தில் போக்ஸ் கம்பிகள் ஓடி ஓடித்தான் தம் இடத்தில் உட்காரும். உட்கார்ந்ததும் தளரும். ஒரு மாதத்தில் கடைக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் கோணலை நிமிர்த்திப் பெண்டு எடுத்து, நட்டெல்லாம் ஒரு தடவை முறுக்கியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

சத்தம் எப்போது வருகிறது என்று கேளுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு 'கடக்' என்றால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது, அல்லது பெடலே தளர்ந்திருக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு சத்தம் என்றால் சக்கரத்தில் கோளாறு. காட்டர் பின் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தளர்ந்த பின்னோடு ஓட்டினால் கிராங்கின் ஓட்டையே அகன்றுவிடும். அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டும், பின்னை மாற்றுவதைவிடப் பல மடங்கு செலவு.

எனக்கு 47 வயது. சைக்கிள் ஓட்டத் தெரியாது. இப்போது பழகினால் தெருவே சிரிக்காதா?
– வாசகி, மணப்பாறை

சிரிக்கும். 1992ல் எங்களைப் பார்த்தும் சிரித்தார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் நாங்கள் பழகும்போது, சுவரில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினோம். நான் மூன்றாம் நாள் ஒரு வேலியில் போய் விழுந்தேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. நாலாம் வாரம் சுவர்மேல் ஒரு பையனும் இல்லை, வேடிக்கை பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆனால் எங்களைப் பிடித்துப் பழக்கிய விதத்தை உங்களுக்குச் சொல்லமாட்டேன் அக்கா. யாராவது கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி, சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது. சின்ன லேடீஸ் சைக்கிள் ஒன்று இரவல் வாங்குங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். இரண்டு பெடலையும் கழற்றி வைத்துவிடுங்கள். லேசான சரிவில் உட்கார்ந்துகொண்டு, காலால் தரையை உந்தி உந்திப் போங்கள். பார்வை சக்கரத்தின் மேல் வேண்டாம், பத்தடி தள்ளி இருக்கட்டும். காலைத் தூக்கிக்கொண்டு பத்து எண்ணும்வரை சாயாமல் போக வந்துவிட்டால் பெடலை மாட்டிவிடலாம். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு.

இடது பெடலை எந்தப் பக்கம் தள்ளிக் கழற்ற வேண்டும் என்பது தஞ்சாவூர் ஐயாவுக்கான பதிலில் இருக்கிறது.